கூழ் வண்டியும் 5 ரூபாய் பாக்கெட்டும்

இன்று காலை காசிமேட்டில் கூழ் குடித்தேன். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், வறுத்த கருவாடு. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். "பசங்க யாரும் வர்றதில்ல தம்பி" என்றார் வண்டிக்கார அக்கா.

பசங்க பக்கத்துப் பெட்டிக்கடையில் நின்றார்கள். சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய் சிப்ஸ்தான் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு. வெறும் உப்பும் எண்ணெயும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

அம்மாக்களைக் குறை சொல்ல மாட்டேன். விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் எப்போது அடுப்பு மூட்டுவது? 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் பசிக்காதா? பன்னிரண்டாம் வகுப்பு வரை கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கேழ்வரகும் இருக்கட்டும்.