பெரியம்மாவின் பூனை எங்கள் வீட்டில் பழகிய விதம்

பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாலக்கோட்டில் அவர் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பீரோ யாருக்கு, கிரைண்டர் யாருக்கு என்று எல்லாம் பேசி முடித்த பிறகும் பூனையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று வயசுப் பெண் பூனை. வெள்ளை உடம்பில் செம்மண் நிறமும் கறுப்பும் திட்டுத் திட்டாக இருக்கும். பெரியம்மா அதைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பதினாறு நாளும் அது கொல்லைப்புறத்து விறகுக் குவியலுக்குள்தான் இருந்தது, ராத்திரி வந்து பெரியம்மாவின் கட்டில் கிடந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டுப் போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அதைக் கேட்ட பிறகு விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

சாக்கில் போட்டு வாயைக் கட்டித் தூக்கிப் போ, வழி தெரியாமல் இருந்தால்தான் திரும்பி வராது என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். நம் பக்கம் காலங்காலமாகச் செய்வது அதுதான், ஆனால் ஏற்கெனவே பயந்து கிடக்கிற பிராணியை இருட்டுச் சாக்கில் போட என்னால் முடியவில்லை. பாலக்கோட்டில் தக்காளி மண்டி இருப்பதால் கிரேடுக்கு, அதாவது தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கு, பஞ்சமில்லை. இரண்டு கிரேடை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டி, உள்ளே பெரியம்மாவின் துவைக்காத பழைய சேலை ஒன்றைப் போட்டு, மேலே துண்டைப் போர்த்தி, தெரிந்தவர் ஆம்னி வண்டியில் தர்மபுரிக்குக் கொண்டு வந்தோம். சுமார் 25 கிலோமீட்டர்தான். வழி முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அமைதியாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். ரொம்பப் பயந்த பூனை கத்தாது, அப்படியே உறைந்து போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் தப்பு அன்றைக்கு சாயங்காலமே நடந்தது. மகள், கணவர், அத்தை (என் மாமியார்), மாடிப்படியில் நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்க, ஹாலின் நடுவில் கிரேடைத் திறந்தேன். ஒரு நொடிதான், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிட்டது. கூப்பிட்டோம், பால் வைத்தோம், கருவாடு காட்டினோம், டார்ச் அடித்துப் பார்த்தோம். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அது நடுங்குவது தெரிந்தது. கையை விட்டு இழுக்கலாமா என்று கணவர் கேட்டார். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அந்தப் புத்தி எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஆனால் அன்று இழுத்திருந்தால் இன்றைக்கும் என் கையைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும்.

ராத்திரி ஃபோனில் தேடித் தேடிப் படித்தேன். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: புதுப் பூனைக்கு முழு வீட்டையும் கொடுக்காதே, ஓர் அறையைக் கொடு. பூனை தன் இடத்தை வாசனையை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறது, கன்னத்தையும் உடம்பையும் உரசி உரசித் தன் வாசனையைப் பூசி வைத்த இடம்தான் அதற்கு வீடு. எங்கள் வீட்டில் அதன் வாசனை எங்குமே இல்லை. ஒரு சின்ன அறை என்றால் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியும், அங்கிருந்து மீதி வீட்டை எட்டிப் பார்க்கலாம். அரிசி மூட்டை, தையல் மெஷின் வைத்திருக்கும் சின்ன அறையை அதற்காக ஒழித்தேன். மற்றக் கதவுகளை எல்லாம் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். விடியற்காலை எழுந்து பார்த்தபோது அதுவாகவே அந்த அறைக்குள் போய், நான் படுக்க வைத்திருந்த கிரேடுக்குள், சேலைக்கு அடியில் கிடந்தது. மெதுவாகக் கதவைச் சாத்தினேன்.

கிரேடு முக்கியம். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் வெளியே வரவே வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2014இல் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பெட்டி கிடைத்த பூனைகளுக்குத்தான் பதற்றம் சீக்கிரம் குறைந்தது. யோசித்தால் சரிதான், போய் ஒளிய ஓர் இடம் உறுதியாக இருந்தால்தானே வெளியே வரத் தைரியம் வரும்.

இரண்டாம் நாளும் சாப்பிடவில்லை. பால், சோறு, கடையில் வாங்கிய பூனைத் தீனி, எதையும் தொடவில்லை. பூனையைத் தூக்காமல் நான் மட்டும் கால்நடை மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் கேட்டேன். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி ஆபத்தாகிவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் மோசம், நாளைக்குள் சாப்பிடவில்லை என்றால் எப்படியாவது கொண்டு வா என்றார். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது, பேதியாகும், அதை நிறுத்து என்றார். மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வை, சூட்டில்தான் வாசனை எழும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பாலக்கோட்டு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். பெரியம்மா இதற்கு எப்போது, எப்படிச் சாப்பாடு வைப்பார் என்று இதற்கு முன்னால் கேட்கவே தோன்றவில்லை. "அலுமினியத் தட்டுல கரண்டியால மூணு தட்டு தட்டுவாங்க, சாயங்காலம் விளக்கு வச்சதும். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க" என்றார். அந்தத் தட்டு எங்கே என்றால், காலி செய்யும்போது ஒடுங்கிப் போனது என்று அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தோம். கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தட்டையும், என் யோசனைப்படி கொல்லைப்புறத்து மண் அரை மூட்டையும் கொண்டு வந்தார். பாப்பா பிறந்ததிலிருந்து மண்ணில்தான் வெளிக்குப் போய்ப் பழகியது, கடையில் பூனைக்கென்று விற்கும் கட்டிக்கட்டியான மணலை அது என்னவென்றே நினைத்திருக்காது. பழைய பிளாஸ்டிக் தொட்டியில் அந்த மண்ணைக் கொட்டி வைத்தேன்.

ஆறரை மணிக்கு விளக்கேற்றிவிட்டு, ஜிலேபி மீன் தலையை வேகவைத்துப் பிசைந்து அந்தத் தட்டில் வைத்து, கதவருகே உட்கார்ந்து கரண்டியால் மூன்று தட்டு தட்டினேன். சேலைக்கடியிலிருந்து ஒரு காது மட்டும் எழுந்தது. தட்டை உள்ளே தள்ளிவிட்டு வந்துவிட்டேன். பத்து மணிக்குப் பார்த்தபோது தட்டு நக்கித் துடைத்தாற்போல் இருந்தது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பெரியம்மாவுக்காக வராத அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வேளை தவறாமல் தட்டு, வேளை தவறாமல் மண்ணைச் சுத்தம் செய்வது, அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் அரிசி மூட்டை மேல் மூத்திரம் போய்விட்டது, நான் அவசரத்தில் ஃபினாயில் ஊற்றித் துடைத்தேன், அன்று முழுக்க அது அந்த மூலைப் பக்கமே போகவில்லை, சாப்பிடவும் இல்லை. டாக்டரிடம் சொன்னபோது கோபித்துக்கொண்டார். ஃபினாயிலில் இருக்கும் ஃபீனால் வகை மருந்துகளை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு, ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும். அதே காரணத்தால்தான் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும், காய்ச்சல் என்று யாரும் கொடுத்துவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், சாக்கை மாற்றினேன். மண் தொட்டி கதவை ஒட்டி, ஆள் நடமாடும் இடத்தில் இருந்ததுதான் காரணம் என்று தோன்றியது. சாப்பாட்டுத் தட்டுக்கு எதிர்மூலையில் மறைவாக நகர்த்தி வைத்த பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூனையே வேண்டாம், காலையில் குறுக்கே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்று சொன்னவர். அது தை மாதம், மொச்சை சீசன். சின்ன அறையில்தான் வெயில் நன்றாக விழும், குளிருக்கு இதமாக இருக்கும் என்று அங்கே சாக்கு விரித்து, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மொச்சை உரிப்பார். பூனை இருக்கிறதா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நானும் மகளும் எத்தனையோ நேரம் கிரேடு முன்னால் குனிந்து, கொஞ்சி, கையை நீட்டிக் காத்திருந்தோம், வரவில்லை. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அத்தையின் சாக்கு ஓரத்தில் உட்கார்ந்து உருளும் மொச்சைத் தோலைக் காலால் தட்டிக்கொண்டிருந்தது. அத்தை அப்போதும் பார்க்கவில்லை, உரித்துக்கொண்டே இருந்தார்.

நேராக உற்றுப் பார்ப்பது பூனைக்குச் சண்டைக்கு அழைப்பது மாதிரி. நாங்கள் பாசத்தில் செய்ததெல்லாம் அதற்கு மிரட்டலாகப் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து நானும் தையல் வேலையை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டேன், மெஷின் ஓட்டாமல் கையால் கொக்கி வைப்பது, காஜா எடுப்பது மட்டும். மகள் அங்கே உட்கார்ந்து பாடத்தை மெதுவாக வாய்விட்டுப் படிப்பாள். அது பார்த்தால் கண்ணை மெல்ல மூடித் திறக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020இல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அப்படிக் கண் சிமிட்டினால் பூனைகள் திரும்பச் சிமிட்டுகின்றன, அப்படிச் செய்த ஆளிடம் அதிகம் நெருங்குகின்றன. பாப்பா மூன்றாம் நாள் மகளுக்குத் திரும்பச் சிமிட்டியது. அவள் கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்து சொன்னாள்.

மூன்று வாரம் ஆனதும் ராத்திரி நேரத்தில் மட்டும் அறைக் கதவைத் திறந்து வைத்தேன். வீடு தூங்கின பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுக் காலையில் அறைக்குத் திரும்பிவிடும். வாசல் கதவையும் மாடி வராந்தாவையும் மட்டும் திறந்து விடவே இல்லை, வராந்தாவுக்கு வலை அடித்தோம். இடம் மாறிய பூனை பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும், நடுவில் நெடுஞ்சாலை இருக்கிறது, அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அதற்குள் வாலை நட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வர ஆரம்பித்திருந்தது. அப்படி வால் தூக்கி வருவது பூனை பாஷையில் வணக்கம்.

தடுப்பூசி போட்ட விவரம் பெரியம்மா வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் டாக்டர் முதலிலிருந்து ஆரம்பித்தார், பூனைக்கு வரும் மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை, வெறிநாய்க்கடி ஊசி தனியாக. தயிர்சோறு மட்டும் போட்டு வளர்க்காதீர்கள், பூனைக்கு டாரின் என்ற சத்து மீனிலும் கறியிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு சனிக்கிழமை நாங்கள் சாப்பிடாவிட்டாலும் அதற்கு மீன் வந்துவிடும்.

மாசி மாதம் புளி வந்தது. எங்கள் பக்கம் அந்தச் சீசனில் தெருவுக்கு நாலு வீட்டில் மூட்டை மூட்டையாகப் புளியைக் கொண்டு வந்து போட்டு, ஓடு நீக்கி, நார் உருவி, சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அத்தையும் வருஷா வருஷம் எடுப்பார். முதல் தட்டு விழுந்ததுமே பாப்பா பரண் மேல் ஏறிவிட்டது, அன்று முழுக்க இறங்கவில்லை. நமக்குக் கேட்கும் கீச்சொலி சுமார் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரைதான், பூனைக்கு 60,000 தாண்டியும் கேட்கும். அந்தக் கல்லும் இரும்பும் மோதும் சத்தம் அதன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அத்தையிடம் வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது, அவருடைய கைச்செலவுக்கு அதுதான் காசு. மொட்டைமாடிக்குப் போய்த் தட்டுகிறேன் என்று அவரே சொன்னார். முதலில் மொட்டைமாடி, அப்போது கீழே நான் அலுமினியத் தட்டில் மீன் வைப்பேன். நாலு நாள் கழித்து மாடிப்படி, அப்புறம் வராந்தா. தட்டும் கல்லுக்கு அடியில் மடித்த சாக்கு. சத்தம் கேட்டால் மீன் வரும் என்று அது பழகும்வரை அடுத்த இடத்துக்கு நகரவில்லை. பங்குனி முதல் வாரத்தில் அத்தை ஹாலில் உட்கார்ந்து தட்டினார். பாப்பா சின்ன அறை வாசலில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் காதை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தது.

இப்போது அரிசி மூட்டை மேல்தான் தூக்கம், அந்த மூட்டையைப் பிரிக்காமல் வேறு மூட்டை வாங்கிச் சமைக்கிறோம். கேஸ் சிலிண்டர் படியில் உருளும் சத்தத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை, கேட்டவுடன் கிரேடுக்குள் போய்விடும். சிலிண்டர் புக் செய்த அன்றைக்குச் சின்ன அறைக் கதவைத் திறந்து வைத்து, சேலையை ஒரு பக்கம் தூக்கிவிட்டுத்தான் அத்தை மொட்டைமாடிக்குப் போகிறார்.