சொந்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை: காரியம் எங்கெல்லாம் இடறும்?

லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) திரும்பி வந்து, மறுபடியும் கீமோ, பிறகு சொந்த ஸ்டெம் செல்லையே, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூல செல்லை, எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சை என்று முடிவானவர்களுக்காக இது. ஆர்-சாப், ஏபிவிடி என்ற முதல் கட்டக் கீமோக்கள் எல்லாம் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை. மருந்தால் வரும் தொல்லைகளை டாக்டர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் கை மாறும்போது எது நழுவும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடங்கல் பழைய பயாப்ஸி. புதிய மருத்துவமனை ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பிக்காது. தங்கள் நிபுணர் மறுபடி பார்ப்பதற்கு, திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் கேட்பார்கள். "ரிப்போர்ட்தான் இருக்கே, பிளாக் எதுக்கு?" என்பார் லேப் கவுன்ட்டரில் இருப்பவர். சாயம் ஏற்றிய ஸ்லைடைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார். அதை வைத்துப் புதிதாக மார்க்கர் சோதனை எதுவும் செய்வது கடினம். பிளாக் அல்லது சாயம் ஏற்றாத ஸ்லைடுகள் வேண்டும் என்று டாக்டரின் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பெட் ஸ்கேனுக்கும் அச்சிட்ட படம் போதாது, மூலப் படங்கள் உள்ள சிடி வேண்டும். வாங்கிய இடத்திலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "6 சுற்று முடிந்தது" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. ஆர்-சாப்பிலும் ஏபிவிடியிலும் உள்ள டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏறியது என்ற கணக்கு வேண்டும். ஆர்-சாப் 6 சுற்று முழு அளவில் என்றால் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம். மொத்தம் 450, 500 என்று ஏற ஏற இதயத்துக்கு ஆபத்து கூடும். ஏபிவிடியில் உள்ள பிளியோமைசின் கணக்கு நுரையீரலுக்காக. பழைய இடத்திலிருந்து இதை எழுத்தில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அதனால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பல் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் ஈறு ஆற நாள் வேண்டும். விந்தணு, கருமுட்டை சேமிப்பு பற்றியும் இப்போதே பேசியாக வேண்டும், மாற்று சிகிச்சைக்குப் பிறகு பேசிப் பயனில்லை.

சால்வேஜ் கீமோ, அதாவது திரும்பி வந்த நோய்க்கான கீமோ, 2 அல்லது 3 சுற்று, ஸ்கேன் தெளிந்தால் அடுத்த கட்டம். அதில் இஃபாஸ்ஃபமைடு என்ற மருந்து ஓடுகிற நாட்களில் மட்டும் இரண்டைக் கவனியுங்கள். கூடவே சிறுநீர்ப்பையைக் காக்கும் மெஸ்னா ஓட வேண்டும், சிறுநீர் சிவந்தால் உடனே சொல்ல வேண்டும். பேச்சு குழறுவதும் ஆள் குழம்புவதும் களைப்பால் அல்ல, மருந்து மூளையைப் பாதிக்கிறது என்று அர்த்தம். இதைக் கூட இருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

சிக்கல் அதிகம் வருவது ஸ்டெம் செல் சேகரிப்பில், அதாவது ரத்தத்தை மெஷின் வழியாக ஓட்டி அந்தச் செல்லைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில். கையில் ஏற்கெனவே பிக் லைன் (கை வழியாக நெஞ்சு வரை போகும் மெல்லிய குழாய்) இருக்கிறதே, அதுவே போதும் என்று வார்டில் சொல்வார்கள். போதாது. மெஷின் ரத்தத்தை இழுக்கும் வேகத்துக்கு அந்த மெல்லிய குழாய் தாங்காது, டயாலிசிஸுக்குப் போடுவது போன்ற தடித்த இரட்டைக் குழாய் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கையிலும் நல்ல நரம்பு இருக்க வேண்டும். சேகரிப்பு நாள் காலையில் இது தெரியவந்தால் அந்த நாள் வீண். சேகரிக்கும் பிரிவின் நர்ஸ் முன்கூட்டியே வந்து நரம்பைப் பார்க்கட்டும்.

ஸ்டெம் செல்லை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைப்பது ஜி-சிஎஸ்எஃப் ஊசி. கீமோ இல்லாமல் அது மட்டும் என்றால் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் தினமும், ஐந்தாம் நாள் வாக்கில் சேகரிப்பு. இடுப்பும் நெஞ்செலும்பும் விண்ணென்று வலிக்கும், அது எதிர்பார்த்ததுதான். இடது விலா எலும்புக்குக் கீழே அல்லது இடது தோளில் வலி வந்தால் மண்ணீரலாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள். ரத்தத்தில் சிடி34 எண்ணிக்கை, அதாவது ஸ்டெம் செல் எண்ணிக்கை, மைக்ரோலிட்டருக்கு 10-க்குக் கீழே இருந்தால் சேகரிப்பு தேறாது. அப்போது செல்லை மஜ்ஜையிலிருந்து இன்னும் விடுவிக்கும் பிளெரிக்ஸஃபோர் ஊசி போடுவார்கள், சேகரிப்புக்குச் சுமார் 11 மணி நேரம் முன்பு, அதாவது முந்தைய இரவு. இங்கேதான் வினை. சிடி34 ரிசல்ட் வருவது பிற்பகலில், அந்த நேரத்தில் மருந்தகத்தில் "ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். விலை கூடிய ஊசி என்பதால் சும்மா வாங்கி வைக்கவும் தயங்குவார்கள். பயன்படாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, சேகரிப்பு வாரம் தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். குறைந்தபட்ச இலக்கு கிலோவுக்கு 20 லட்சம் செல், 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. மெஷினில் இருக்கும்போது உதடும் விரல் நுனியும் சுருசுருவென்றால் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை இறக்குகிறது. பொறுத்துக்கொண்டிருக்காமல் சொன்னால் கால்சியம் கொடுப்பார்கள்.

அடுத்தது கதிர்வீச்சு செய்த ரத்தம். சேகரிப்புக்கு 7 நாள் முன்பிருந்தும், மாற்று முடிந்து குறைந்தது 3 மாதம் வரையிலும் ஏற்றும் சிவப்பணு, பிளேட்லெட் எல்லாம் கதிர்வீச்சு செய்தவையாக இருக்க வேண்டும். ஹாட்ஜ்கின் வகை லிம்போமா என்றால் ஆயுளுக்கும் அப்படித்தான் என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தானம் கொடுத்தவரின் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு உயிரோடு உள்ளே போய் நம் உடம்பையே தாக்கினால் பிழைப்பது அரிது. ரத்த வங்கிப் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு, இரவுப் பணியில் இருப்பவர் அதை டிக் செய்யாமல் விட்டுவிடலாம். பை தொங்கும்போது லேபிளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் நம் ஸ்டெம் செல் பைக்கு நேர் எதிர். அதற்குக் கதிர்வீச்சும் கூடாது, வெள்ளணுவைத் தடுக்கும் ஃபில்டரும் கூடாது.

செல்லைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் கொடுக்கும் கடும் கீமோ பீம்; அதில் மெல்ஃபலான் என்ற மருந்து கடைசி நாளில் வரும். அது ஓடும்போது வாயில் ஐஸ் இருந்தால் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கி அங்கே மருந்து குறைவாகப் போகும், புண் குறையும். மருந்தைக் கலந்தபின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும், ஐஸ் வரும்வரை அது காத்திருக்காது. முந்தைய நாளே சொல்லி வைத்து, தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பிருந்து முடிந்து அரை மணி வரை விடாமல் வைத்திருங்கள். வாய் மரத்துப்போய் அலுத்துவிடும். ஆனால் பக்கத்து அறைகளில் தண்ணீர்கூட இறங்காத நாட்களில் எனக்கு மாத்திரை இறங்கியது.

செல் ஏற்றும் நாள் சப்பென்று முடிந்துவிடும். செல்லை உறைய வைக்கும்போது சேர்த்த டிஎம்எஸ்ஓ வாடை அறையெங்கும் அடிக்கும், ஏற்றிக்கொள்பவருக்கு மட்டும் அவ்வளவாகத் தெரியாது. சிறுநீர் சிவப்பாகப் போகலாம்.

அதன்பின் காய்ச்சல். 38 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும், கிருமி சோதனைக்கு ரத்தக் கல்ச்சர் எடுப்பவர் வரவில்லை என்று மருந்து நிற்கக் கூடாது. காய்ச்சல் பார்க்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) தொடர்ந்து மூன்று நாள் 500-ஐத் தாண்டினால் செல் பிடித்துவிட்டது என்று அர்த்தம், பெரும்பாலும் 10 முதல் 14 நாளில். அந்தச் சமயத்திலேயே கிருமி எதுவும் இல்லாமல் காய்ச்சல், தடிப்பு, மூச்சுத்திணறல் வருவதும் உண்டு, அதற்கு ஸ்டீராய்டு கேட்கும்.

வீட்டுக்கு அனுப்பும் தாளில் தொற்று வராமல் தடுக்கும் அசைக்ளோவிர், கோட்ரைமாக்சசோல் மாத்திரைகள் எத்தனை மாதம் என்றும், கதிர்வீச்சு செய்த ரத்தம் என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். தடுப்பூசிகள் பலவற்றை மறுபடி போட வேண்டும், பொதுவாக 6 மாதத்துக்குப் பிறகு தொடங்குவார்கள், உயிருள்ள கிருமி கொண்டவை இரண்டு வருடம் வரை கூடாது. வறட்டு இருமலும் படியேறினால் மூச்சு வாங்குவதும் சில வாரம், சில மாதம் கழித்து வந்தால் பக்கத்து கிளினிக்கில் சளி என்று சிரப் எழுதுவார்கள். பீமில் இருக்கும் கார்முஸ்டின் நுரையீரலைப் பாதித்திருக்கலாம். சீக்கிரம் ஸ்டீராய்டு தொடங்கினால் பெரும்பாலும் கேட்கும். சிரப்பைக் குடித்துக்கொண்டு காத்திருக்காமல் மாற்று சிகிச்சை செய்த பிரிவுக்கே போன் போடுங்கள்.