போரிவலிக் காட்டில் ஒரு முள்ளிலவு: நாலு மாத ஞாயிறுகள்

மும்பைக்கு ரெண்டே பருவம், ஒன்று மழை, இன்னொன்று வெயில் என்று தாராவியில் எங்கள் சந்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இந்த ஜனவரியில் அதை நேரில் போய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் ஒரே ஒரு முள்ளிலவு மரத்தைத் தேர்ந்தெடுத்து, காய் வெடிக்கும்வரை ஞாயிறுதோறும் பார்த்து எழுதிவைப்பது என்று முடிவு செய்தேன். மாகிமில் காலை ஸ்லோ லோக்கலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போரிவலி வந்துவிடும். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால், மும்பைக்கும் தாணேக்கும் நடுவே 104 சதுர கிலோமீட்டர் மலைக்காடு. சிறுத்தை நடமாடும் காடு, அதனால் தனியாகப் போவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவோ அம்மாவோ கூட வருவார்கள்.

எழுதும் முறையை, மரங்களின் பருவ மாற்றத்தைப் பொதுமக்களே பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். தளிர், முற்றின இலை, மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்துக்காக அண்ணாந்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

முதல் ஞாயிறே தப்பு செய்தேன். பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரி பௌத்தக் குகைக்கு ஏறும் சாலையோரத்தில் இலையெல்லாம் உதிர்ந்து முள்ளோடு நின்ற மரத்தை இலவு என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரம் அதில் கிளிமூக்கு மாதிரி வளைந்த பூங்கொத்து எட்டிப் பார்த்தது. அது கல்யாண முருங்கை! ஊரில் அதன் இலையை அரைத்து அடை சுட்டிருக்கிறோம், ஆனாலும் மொட்டையாக நின்றபோது அடையாளம் தெரியவில்லை. ரெண்டுக்கும் முள் உண்டு, ரெண்டும் இலையில்லாமல் சிவப்பாகப் பூக்கும். இலவின் முள் அடி பருத்துக் கூம்பாக இருக்கும், பூ தனித்தனிக் கிண்ணமாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு, இருபது முப்பது அடி தள்ளி நின்ற நிஜமான முள்ளிலவுக்கு மாறினேன்.

பிப்ரவரி முதல் வாரம் அம்மா வந்தாள். பூ இன்னும் நாலைந்துதான். கீழே காய்ந்து கிடந்த மொட்டு ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, “ஏட்டி, இது பிரியாணில போடுத மராட்டி மொக்குலா!” என்றாள். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். அதே உரு. இத்தனை வருஷம் தாளித்த சாமான் இலவ இனத்து மரத்தின் மொக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மாதம் மூன்றாம் ஞாயிறு மரம் முழுக்கச் சிவப்பு. ஓர் இலைகூட இல்லை. ‘பூ: நிறைய’ என்று எழுதும்போது கை நிஜமாகவே நடுங்கியது. ‘தொப்’பென்று ஒரு பூ என் பக்கத்தில் விழுந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம், ஈரத்தோல் மாதிரி தடித்த ஐந்து இதழ். உள்ளே மகரந்தக் கேசரங்கள் கட்டுக் கட்டாக நின்றன, எண்ணினால் 68. அடிக்கிண்ணத்தில் தேன் தளும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு எறும்பு மிதந்தபடி கால் உதைத்தது. புல் நுனியால் அதைக் கரையேற்றினேன். பூவை எடுத்து வரவில்லை. தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, அதோடு அது புள்ளிமானின் தீனி. நாங்கள் தள்ளிப் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பெண்மான் ஒன்று வந்து, விழுந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது.

மேலேயோ சந்தைக்கடை இரைச்சல். சூறைக்குருவிகள் கூட்டமாக வந்து தலையைக் கிண்ணத்துக்குள் விட்டு எடுத்தன. துடுப்புவால் கரிச்சான், தேன்சிட்டு, அணில் எல்லாம் அங்கேதான். கிளிகள் பூவைக் காலில் பிடித்துக் கடித்து, ருசித்துவிட்டுக் கீழே போட்டன. ‘இலவு காத்த கிளி’ என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பழம் கனியும் என்று காத்திருந்து பஞ்சைப் பார்த்து ஏமாந்த கிளி அது. இங்கே கிளிகள் எதற்கும் காத்திருக்கவில்லை. காய் வருவதற்கு ரெண்டு மாதம் முன்பே விருந்தை முடித்துக்கொண்டிருந்தன.

அதே வாரம் எதிர்ச் சரிவில் புரசும் பூத்துவிட்டது. சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பேர் தந்த மரம் இதுதான் என்று அக்காவிடம் சொன்னேன்.

மார்ச்சில் ரெண்டு ஞாயிறு போகவில்லை. மகனுக்குக் காய்ச்சல். திரும்பிப் போனபோது பூவெல்லாம் போய், கைவிரல் மாதிரி விரிந்த தளிர் வந்திருந்தது. கடைசிப் பூ எந்த நாளில் விழுந்தது என்ற கட்டம் என் நோட்டில் காலியாகவே இருக்கிறது. அது இன்னும் உறுத்துகிறது. அடுத்த முறை நான் வராத வாரம் அக்காவை அனுப்பிவைக்க வேண்டும்.

அன்றைக்கு மனசு ஆறவில்லை, கன்ஹேரி வரை ஏறினோம். கருங்கல் மலையைக் குடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். பிக்குகள் மழைநீர் பிடிக்க வெட்டிய தொட்டிகளில் அந்த வெயிலிலும் தண்ணீர் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் காய்ந்த காட்டுக்கு நடுவே அங்கங்கே ரத்தச் சிவப்பு. பூ என்றுதான் நினைத்தோம். கிட்டப் போனால் குசும் மரத்தின் தளிர்! வெயிலுக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிறது.

ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு காய் வெடித்தது. மரத்திலேயே ஐந்து பிளவாகப் பிளந்து பஞ்சு வழிந்தது. ஒவ்வொரு துணுக்கிலும் ஒரு கருவிதை. காற்று ஒரு தடவை அடித்ததும் சாலை முழுக்க வெள்ளை. அம்மா புடவையில் ஒட்டினதைத் தட்டிவிடாமல் தடவிக்கொண்டே, இலவம்பஞ்சுத் தலையணை தைத்த கதையை போரிவலி ஸ்டேஷன்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

நோட்டில் அடுத்த பக்கம் குசும் மரத்துக்கு. இப்போதைய குறிப்பு: ‘தளிர்: கொஞ்சம். பச்சைக்கு மாறுகிறது.’