பெரிய மீனைத் தாயாக்கினால் மட்டும் ஒரே அளவு மீன் கிடைக்காது

பேலியகொடை மீன் சந்தைக்கு வளர்ப்புத் திலாப்பியா கொண்டுபோகிறவர்களுக்கு, பெட்டிக்குள் மீன்கள் ஒத்த அளவில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. சிறியவற்றைக் கழித்துத்தான் விலை பேசுவார்கள். கழிபட்ட அந்த மீனும் மற்றவற்றோடு ஐந்து மாதம் தீனி தின்றதுதான்.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம், குளத்தில் பெரிதாக வளர்ந்தவற்றைத் தாய் மீனாக எடுத்து வைப்பது. அளவை ஒத்ததாக்குவதற்கு இது உதவாது. ஒரு குளத்தில் மிகப் பெரிதாக நிற்கும் மீன் நல்ல இரத்தத்தால்தான் பெரிதானது என்று சொல்ல முடியாது. பத்து நாள் முந்திப் பொரித்திருக்கலாம், ஆணாக இருக்கலாம், தீனி விழும் மூலையில் மற்றவற்றைத் துரத்தித் தின்றதாகவும் இருக்கலாம். துரத்தித் தின்னும் குணத்தில் ஒரு பகுதி குஞ்சுக்கும் போகும். அப்படிப்பட்டவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினால் குளத்தில் போட்டிதான் கூடும், இடைவெளியும் விரியும்.

அளவு வேறுபாட்டைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. நூறு மீனையாவது தனித்தனியாக நிறுத்து, நியம விலகலை (எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதைக் காட்டும் எண்) சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். சராசரி 300 கிராம், நியம விலகல் 120 கிராம் என்றால் வேறுபாடு 40 சதவீதம். அதாவது ஆறில் ஒரு பங்கு மீன் 180 கிராமுக்குக் கீழே நிற்கும். திலாப்பியாக் குளங்களில் இது அபூர்வமான எண் அல்ல. 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு மீன் 240க்கும் 360க்கும் இடையில் வந்துவிடும்.

குஞ்சு வாங்கும்போது எடைக்குப் பதிலாக நீளத்தை அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடை நீளத்தின் மும்மடியோடு கூடுவதால், நீளத்தில் 10 சதவீத வேறுபாடு எடையில் ஏறக்குறைய 30 சதவீதம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் குஞ்சுக் கூட்டம் தராசில் அப்படி இருக்காது. சல்லடையால் திரும்பத் திரும்பத் தரம் பிரித்து விற்கும் குஞ்சுகளும் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். பரம்பரையும் வளர்ப்பும் மாறாதவரை, இரண்டு மாதத்தில் பழைய இடைவெளி திரும்பிவிடும்.

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் தண்ணீர் ஆண்டு முழுவதும் சூடாகவே இருப்பதால் திலாப்பியா எந்த மாதமும் முட்டையிடும். இந்த வசதிதான் வயதுக் கலப்புக்கும் காரணம். ஒரே தொட்டியில் மூன்று வாரக் குஞ்சும் நேற்றைய குஞ்சும் சேர்ந்து நின்றால் பெரியது சின்னதைத் தின்னும். தப்பிய சின்னது பின்னால் எட்டிப் பிடிப்பதும் அரிது. ஆகவே இனத்தெரிவு பற்றி யோசிக்கும் முன் முட்டையை ஒரே வாரத்துக்குள் எடுக்கும் ஒழுங்கு வர வேண்டும். ஆணையும் பெண்ணையும் பத்துப் பதினான்கு நாள் பிரித்து வைத்து நன்றாகத் தீனி கொடுத்து, பிறகு ஒரே நாளில் சேர்த்தால் பெண்கள் ஏறக்குறைய ஒன்றாக முட்டையிடும். பெண் முட்டையை வாயில் வைத்தே அடைகாக்கும் என்பதால், ஐந்தாம் நாளிலிருந்து அதன் வாயைத் திறந்து பார்த்து முட்டையைச் சேகரிக்கலாம். ஆணின் மேலுதட்டைச் சற்று வெட்டிவிடுவது பெண்களைக் கடித்துக் கொல்லாமல் தடுக்கும்.

தாய் மீன் எங்கிருந்து என்பதும் முக்கியம். மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்கு வந்தது 1952இல், நைல் திலாப்பியா 1975இல். குளங்களில் இரண்டும் கலந்துவிட்டன. பேரே வாவியிலோ தியவன்னாவிலோ வலை போட்டுப் பிடித்த மீனைத் தாயாக வைப்பது, எந்த இரத்தம் என்று தெரியாமலே தொடங்குவது. நைல் திலாப்பியாவின் வால் துடுப்பில் செங்குத்துக் கோடுகள் ஒழுங்காக வரிசையிட்டிருக்கும். மொசாம்பிக்கில் அது இல்லை. கோடு அரைகுறையாக இருந்தால் கலப்பு என்று சந்தேகித்து ஒதுக்குங்கள். கலப்புக் குடும்பத்தில் வளர்ச்சி வேகம் ஆளுக்கொன்றாக இருக்கும். நெக்டாவின் (தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை) தம்புள்ளை, உடவளவை போன்ற இனப்பெருக்க நிலையங்களில் கேட்டு, எந்த வரிசை, அதாவது எந்த இன வழி என்று எழுதி வாங்குவது பாதுகாப்பானது.

கிஃப்ட் என்று அழைக்கப்படும் நைல் திலாப்பியா வரிசை 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் காட்டு மீன்களையும் ஆசியாவில் வளர்க்கப்பட்ட நான்கு வரிசைகளையும் சேர்த்து உருவாக்கினார்கள். அங்கே குறி வளர்ச்சி வேகம். அறுவடை எடையில் காணும் வேறுபாட்டில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பரம்பரையால் வருவதால், வேகத்துக்குத் தெரிவு செய்தால் பலன் சீக்கிரம் தெரிந்தது. ஒத்த அளவு என்பது வேறு குணம். ஒரு மீனின் சொந்த எடை, அந்த மீன் தன் குஞ்சுகளுக்கு ஒத்த அளவைக் கொடுக்குமா என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. ஒத்த அளவில் பரம்பரையால் வரும் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் நிற்கிறது. ஆனால் குடும்பத்துக்குக் குடும்பம் சிதறலில் உள்ள பரம்பரை வேறுபாடு மிகப் பெரியது. மலேசியாவின் ஜித்ராவில் வளர்க்கப்படும் கிஃப்ட் வரிசையிலும், சால்மன், ட்ரவுட் மீன்களிலும் இதுதான் தெரியவந்தது. ஆகவே தனி மீனை விட்டுவிட்டு உடன்பிறப்புக் கூட்டத்தை அளந்து, குடும்பத்தைத் தெரிவு செய்ய வேண்டும். முழு வேலையும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஒரு ஆணுக்கு இரண்டு பெண் வீதம் 25 ஆண், 50 பெண். அதில் முப்பது பெண்ணாவது ஒரே வாரத்தில் முட்டை கொடுத்தால் முப்பது குடும்பம். ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு கனமீற்றர் ஹாப்பா வலைக்கூட்டில் ஒரே எண்ணிக்கையில், 200 குஞ்சு வீதம் விடுங்கள். எண்ணிக்கையைக் குறைக்கும்போது கண்ணை மூடி அள்ளிக் கழிக்க வேண்டும். சின்னதைப் பொறுக்கிக் கழித்தால் எதை அளக்க வந்தோமோ அதையே அழித்துவிடுகிறோம். வலையில் பாசி பிடித்தால் உள்ளே ஒட்சிசன் குறைந்து அந்தக் கூடு மட்டும் பின்தங்கும். அந்தக் குடும்பம் கெட்டது என்று நாம் தவறாக எழுதிவிடுவோம். வாரம் ஒருமுறை எல்லாக் கூட்டையும் தேய்த்துக் கழுவுங்கள்.

பத்துப் பதினைந்து கிராம் ஆனதும் குடும்பத்துக்கு 55 மீன் எடுத்து, வயிற்றுக்குள் செலுத்தும் இலத்திரனியல் இலக்கக் குறி போட்டு, எல்லாக் குடும்பத்தையும் ஒரே குளத்தில் கலந்து விட வேண்டும். சதுரமீற்றருக்கு மூன்று மீன் என்றால் 550 சதுரமீற்றர் குளம் போதும். கூடு கூடாகப் பிரித்தே அறுவடை வரை வளர்த்தால், தெரியும் வேறுபாடு கூட்டினுடையதா குடும்பத்தினுடையதா என்று பிரிக்க முடியாது. தீனியைக் குளம் முழுக்கப் பரவலாகத் தூவுங்கள். ஒரு மூலையில் கொட்டினால் வலியவைதான் தின்னும். முக்கியமான ஒன்று, தெரிவுக்கு வைத்த மீனுக்கு ஆணாக்கும் ஹோமோன் தீனி கொடுக்கவே கூடாது. சந்தைக்கு வளர்க்கும் குஞ்சுக்குக் கொடுப்பது வேறு கதை. ஆண்கள் வேகமாக வளர்வதால் முழு ஆண் கூட்டத்தில் வேறுபாடு குறையும். ஆனால் தாய் தகப்பனாகப் போகும் மீனில் பால் குழம்பினால் அடுத்த தலைமுறையின் கணக்கே பிழைக்கும்.

ஐந்து மாதத்தில் எல்லா மீனையும் இலக்கம், பால், எடை என்று எழுதிக்கொள்ளுங்கள். கணக்குப் பார்க்கும்போது எடைக்குப் பதில் எடையின் இயற்கை மடக்கையை எடுங்கள். இல்லாவிட்டால் பெரிதாக வளரும் குடும்பம் எப்போதும் சிதறலிலும் பெரிதாகத் தெரியும். ஆண்களின் சராசரியை ஆண்களிலிருந்தும் பெண்களின் சராசரியைப் பெண்களிலிருந்தும் கழித்த பிறகு, குடும்பம் குடும்பமாக நியம விலகலைப் பாருங்கள். 0.20 என்றால் ஏறக்குறைய 20 சதவீதம். குடும்பத்துக்குப் பத்து மீன் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த விலகலில் ஏறக்குறைய 24 சதவீத வழு இருக்கும். நாற்பது மீன் இருந்தால் வழு 11 சதவீதம். நாற்பதுக்குக் கீழே போனால் வரிசைப்படுத்துவது சீட்டுப் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

பின்னர் சராசரியில் மிகவும் பின்தங்கிய குடும்பங்களை முதலில் விலக்கி, மிஞ்சியவற்றில் சிதறல் குறைந்த பதினைந்தை எடுங்கள். 340 கிராம் சராசரியும் 35 சதவீதச் சிதறலும் உள்ள குடும்பத்தை விட, 320 கிராமும் 20 சதவீதமும் உள்ளதே நமக்கு வேண்டும். அந்த 20 கிராமை விடுவதற்குத்தான் பலருக்கும் மனம் வராது. குடும்பத்துக்கு ஐந்து மீனுக்கு மேல் எடுக்க வேண்டாம். முதற் குடும்பத்தின் ஆணை இரண்டாவதின் பெண்ணோடும், இரண்டாவதின் ஆணை மூன்றாவதின் பெண்ணோடும் சேர்த்துக்கொண்டு போய், பதினைந்தாவதின் ஆணை முதற் குடும்பத்தின் பெண்ணோடு முடியுங்கள். அண்ணன் தங்கை சேராது.

ஐந்து ஆணும் நூறு பெண்ணும் போதும் என்று நினைப்பவர்களுக்கு: நான்கு பெருக்கல் ஆண் பெருக்கல் பெண், அதை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வெறும் 19. தலைமுறைக்கு 2.6 சதவீதம் இரத்த உறவு கூடும். 25 ஆணும் 50 பெண்ணும் என்றால் 67, கூடுவது 0.75 சதவீதம். தெரிந்தெடுத்தவற்றில் உடன்பிறப்புகள் இருப்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்று மோசமாகவே வரும். இரத்த உறவு நெருங்கினால் கோணல் தாடை, வளைந்த முதுகு, வளராத குஞ்சு எல்லாம் தலைகாட்டும். அதோடு நாம் குறைக்க முயன்ற சிதறலும் கூடும்.

ஒவ்வொரு தலைமுறையிலும் தெரிவு செய்யாத, சராசரி எடையுள்ள சில சோடிகளின் குஞ்சையும் அதே குளத்தில் குறி போட்டு வளர்த்து வாருங்கள். தண்ணீரும் தீனியும் நன்றாக அமைந்த ஒரு பருவத்தில் எல்லா மீனும் ஒத்ததாகத்தான் வரும். தெரிவு செய்தவை இந்தக் கூட்டத்தை விடவும் குறைந்த சிதறலைக் காட்டினால் மட்டுமே அது இனத்தால் வந்தது. முதல் தலைமுறையில் அந்த இடைவெளி தெரியாமல் போகலாம். மூன்றாவதிலும் தெரியாவிட்டால், முட்டை எடுத்த நாட்களையும் கூடுகளின் எண்ணிக்கைப் பதிவையும் முதலில் சரிபாருங்கள்.