மாடி வீட்டம்மாவும் எங்கள் ஓட்டும்

ஏப்ரல் 8, 2024

அப்பா ஓட்டுப் போட்டுவிட்டார். ஊருக்கு 19-ம் தேதி, அவருக்கு இன்றைக்கே. 85 தாண்டியவர்களுக்கு இந்த முறை வீட்டுக்கே வருகிறார்கள். இரண்டு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்கிற பையன், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற இரண்டு ஏஜென்ட்கள். ஊஞ்சல் பக்கத்தில் டீப்பாய் மேல் அட்டை மறைப்பை வைத்ததும் அப்பா எல்லோரையும் தள்ளிப்போகச் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன். "நீயும்தான்" என்றார். தண்ணீர் டம்ளரைப் பிடிக்கவே நடுங்குகிற கை. பேனாவை என்ன செய்தாரோ, ரொம்ப நேரம் ஆனது. உறையை அவரே ஒட்டினார், பசை வேட்டியெல்லாம்.

நெதர்லாந்துக்காரரான மாடி வீட்டம்மா படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு, "ஒரு மனிதருடைய ஓட்டுக்காக ஒரு ஜீப்பா!" என்று கண் கலங்கிவிட்டார். ரேஷன் கார்டில் ஒரு பெயரைத் திருத்த நான் நடந்த நடையைச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் திங்கட்கிழமை என்றார்கள். இன்றைக்குத் திங்கள்தான்.

ஏப்ரல் 11

வரவில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி இரண்டு வாய்தான் இறங்கியது அப்பாவுக்கு. ஆனால் குரல் இன்று நன்றாக இருந்தது, மாடி வீட்டம்மாவை உட்காரவைத்து உத்திரமேரூர் பாடம் எடுத்தார். பராந்தக சோழன் காலம், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது, கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்கவே முடியாது என்பது எல்லாம். எந்த வெளிநாட்டுக்காரர் கிடைத்தாலும் நாம் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். நிலமும் சொந்த மனையும் உள்ளவன்தான் நிற்கலாம், பெண்களுக்கு இடமே இல்லை என்பதை அப்பா சொல்லாமல் விட்டார், நான் சொன்னேன். முறைத்தார்.

அந்தம்மா சிரித்தார். நெதர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1919-ல், ஆனாலும் அவர் நாட்டில் ஒரு கட்சி 2013 வரைக்கும் பெண்களை வேட்பாளராகவே ஏற்கவில்லையாம், நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் மாற்றிக்கொண்டதாம். நாடாளுமன்றத்தில் இருக்கிற கட்சி! ஐரோப்பா என்றால் நான் வேறென்னவோ நினைத்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் 18

மாடி வீட்டம்மா மெழுகில் சிலை செய்யப் போகிற பட்டறையின் ஸ்தபதி இன்று முழுக்கப் புலம்பல். செம்பு வாங்க எடுத்துப்போன பணத்தைப் பறக்கும் படை வழியில் பிடித்துவிட்டதாம். 50,000-க்கு மேல் கையில் இருந்தால் காகிதம் காட்ட வேண்டும். சிலைக்கு அட்வான்ஸ் வாங்குகிறவரிடம் என்ன காகிதம் இருக்கும்? மாடி வீட்டம்மா மெழுகை விட்டுவிட்டு இதையே கேட்டுக்கொண்டிருந்தாராம். சுவாமிமலை வெயிலில் மெழுகு நிற்கவும் மாட்டேன் என்கிறது, கரண்ட் போனால் நேற்று செய்த விரல் இன்று வளைந்திருக்கிறது என்கிறார்.

இரவு மேலத்தெரு வரைக்கும் வந்து போயிருக்கிறார்கள். வண்டி நம்பர் தெரியவில்லை, விளக்கு இல்லை. யார் கொடுத்தது, எவ்வளவு என்று எழுதப்போவதில்லை. அந்தம்மா என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார், "ஸ்தபதியின் பணத்தைப் பிடிக்கிறவர்களுக்கு இது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?" பதில் எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இதையே பால்காரர் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.

ஏப்ரல் 19

போட்டாயிற்று. ஏழரைக்கே வரிசை தெருமுனை வரை. மாடி வீட்டம்மா நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று, வருகிறவர்கள் விரலையெல்லாம் போட்டோ எடுத்தார். மை மைசூரில் ஒரே ஒரு கம்பெனியில் தயாராகிறது, 1962 முதல் என்று டீக்கடைக்காரர் பாடம் நடத்தியிருக்கிறார். நம் ஆட்கள் ஒரு கேமராவைப் பார்த்தால் போதும்.

என் விரலையும் கேட்டார். காட்டினேன். நகத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்துகொண்டு போயிருக்கலாம்.

ஏப்ரல் 20

"எப்போது எண்ணுவார்கள்?" "ஜூன் 4." நம்பவில்லை. ஏழு கட்டம், கடைசிக் கட்டம் ஜூன் 1, அதுவரை பெட்டியெல்லாம் பூட்டி சீல் வைத்து, வாசலில் துணை ராணுவம், உள்ளே கேமரா, எதிரே கட்சிக்காரர்கள் ஷிப்ட் போட்டுக் காவல் என்று சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர் ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கு வாக்குப்பதிவு முடிந்த நிமிஷமே கருத்துக்கணிப்பு, விடிவதற்குள் எண்ணிக்கை. எண்ணும்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நின்று பார்க்கலாமாம்.

ஒரு மாதத்துக்கு மேல் எப்படிச் சும்மா இருப்பீர்கள் என்று கேட்டார். இந்த வீட்டில் எதற்கெல்லாம் சும்மா இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 27

மெஷினில் ஓட்டுப் போட்டதும் விழுகிற ஒப்புகைச் சீட்டு எல்லாவற்றையும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் பழைய வாக்குச்சீட்டுக்கே போக வேண்டும் என்ற வழக்கை நேற்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அப்பாவுக்குப் பரம திருப்தி. மாடி வீட்டம்மாவுக்கு இல்லை. நெதர்லாந்திலும் மெஷின் இருந்திருக்கிறது. 2006-ல் சிலர் அதை டிவியிலேயே பிரித்துக் காட்டிவிட, 2008-ல் அரசு மெஷினையே தூக்கிப்போட்டுவிட்டுப் பழையபடி காகிதமும் சிவப்புப் பென்சிலும். போன நவம்பரில் 26 கட்சி, ஒவ்வொன்றின் எல்லாப் பெயரும் ஒரே தாளில், ஜமுக்காளம் மாதிரி விரித்து மடிக்க வேண்டும் என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

"மொடக்குறிச்சி தெரியுமா?" என்றார் அப்பா. 1996-ல் விவசாயிகள் எதிர்ப்புக்காகவே மனு போட்டு, ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். அதற்கப்புறம்தான் சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அந்தம்மா வாயடைத்துப்போனார், அப்பா அதை ரசித்தார்.

பிறகு அப்பா வாக்குச்சாவடிக்குப் பிரிசைடிங் ஆபீசராகப் போன கதைகள் ஆரம்பித்தன. வேதாரண்யம் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளி, முதல் நாள் ராத்திரியே பெட்டியோடு போய்ப் படுக்க வேண்டும், கொசு, பெட்ரோமாக்ஸ், ஓட்டு முடிந்து லாரி வரும்வரை பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தது. "ஏன் உட்கார்ந்தீர்கள்?" என்று மாடி வீட்டம்மா கேட்டார். அப்பாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "வேற எங்கம்மா உட்கார்றது?"

மே 6

அப்பாவுக்கு டெஸ்ட்டுக்குத் திரும்பவும் எடுக்க வேண்டுமாம். போன முறை எடுத்தது போதவில்லையாம்.

மே 16

மாடி வீட்டம்மாவின் தபால் ஓட்டு கும்பகோணம் தபாலாபீஸிலிருந்து கிளம்பியது, அங்கே ஜூன் 6-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். "ரிஜிஸ்டர் பண்ணினாயா?" என்றார் அப்பா.

ஊரில் இருந்திருந்தால் தபாலே தேவையில்லையாம். ஓட்டுக் கார்டுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டுப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்தால் அவர் போட்டுவிடுவார், ஒருவர் தன் ஓட்டோடு இன்னும் இரண்டு பேருடையதைப் போடலாம். நான் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நம்ம ஊர்ல இதை விட்டா, பொம்பளைங்க ஒருத்தியும் பூத் பக்கம் வரமாட்டா. எல்லாக் கார்டும் மாமனார் சட்டைப் பையிலதான் இருக்கும்." அந்தம்மாவுக்குக் கோபம் வந்தது, அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்றார். எல்லா வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தாரா என்று நான் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே, அங்கேயும் இதைப் பற்றிக் கேள்வி எழுப்புகிறவர்கள் உண்டு என்றார்.

எங்களுக்கு ஜீப், மை, சீல், காவல். அவர்களுக்கு ஒரு கையெழுத்து. நான் சொல்ல வருவது அவர்களுடையது மட்டம் என்று இல்லை. இங்கே வந்து விரலைப் போட்டோ எடுத்து உருகுகிறவர், அந்த மை ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் உருகியிருக்க மாட்டார். யாரையும் நம்பாத ஏற்பாடு இது. வயல் வேலைக்கு வருகிற அஞ்சலையக்கா மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்று அழுத்துவதும் அதனால்தான்.

மே 24

மேட்டூர் அணையில் தண்ணீர் பாதிகூட இல்லை. பக்கத்து வயல்காரர் போர் தண்ணீரை நம்பி நாற்றுவிட்டார். நாம் விடவில்லை.

ஜூன் 1

எக்ஸிட் போல். எல்லா சேனலிலும் ஒரே பாட்டு. மாடி வீட்டம்மா, முடிந்தது கதை என்றார். அவர் ஊரில் அது கிட்டத்தட்ட முடிவேதான். அப்பா கண்ணைத் திறக்காமலே "நாலாந்தேதி பாரு" என்றார்.

ஜூன் 4

பா.ஜ.க. கூட்டணிக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றார்கள், கட்சி 240-ல் நின்றுவிட்டது. தனித்து ஆள வேண்டிய 272 இல்லை. அப்பா சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடிந்தது, நெபுலைசர் வைத்தேன்.

மதியத்துக்கு மேல் மாடியிலிருந்து இறங்கி வந்து, "இனி யார் ஆட்சி என்று எப்போது தெரியும்?" என்றார். இந்த வாரமே என்றேன். அதற்குத்தான் நிஜமாகவே அதிர்ந்தார். போன நவம்பர் 22-ல் ஓட்டுப் போட்ட அவர் நாட்டில் இன்னும் புது அரசாங்கம் வரவில்லை. ஆட்சி கவிழ்ந்துபோன பிரதமர் ருட்டேதான் இன்னும் நாற்காலியில். பக்கத்து பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்கு அப்புறம் 541 நாள் ஆனதாம், ஆறுதலுக்குச் சொன்னார். "அதுவரைக்கும் ஊர்ல அடிச்சுக்கலையா?" என்றார் அப்பா. இல்லையாம், ரயில் ஓடியதாம், பென்ஷன் வந்ததாம்.

அப்பா இதை ராத்திரி வரை சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். பென்ஷன் வந்ததா, பென்ஷன் வந்ததா என்று.

ஜூன் 12

மேட்டூர் அணை திறக்கவில்லை.

ஜூன் 28

அமெரிக்காவிலிருந்து அக்கா பையன். பைடனும் டிரம்பும் விவாதம் செய்ததைப் பார்த்துவிட்டுப் பொரிந்து தள்ளினான். அங்கே அவனுக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான். இங்கே போட வேண்டுமானால் நேரில் வந்து நிற்க வேண்டும், வரவில்லை. ஆனால் இரண்டு நாட்டுக்கும் தீர்ப்பு அவன்தான் சொல்கிறான். 2016-ல் கூடுதல் ஓட்டு வாங்கியவர் தோற்றார், 538 தேர்வாளர் ஓட்டில் 270 எடுத்தால் போதும் என்று விளக்கினான், அப்பாவுக்கு அது பிடிபட்டதா தெரியவில்லை. "தாத்தா எப்படி இருக்கார்?" என்று கடைசியில் கேட்டான். தாத்தா போனைக் காதிலேயேதான் வைத்திருந்தார்.

ஜூலை 2

நெதர்லாந்தின் ஹேக்கில் இன்றைக்குப் புது அரசாங்கத்தின் பதவிப்பிரமாணம். ருட்டே பொறுப்பை ஒப்படைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போகிற வீடியோவை மாடி வீட்டம்மா அப்பா முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். "பின்னால வண்டி வருதா?" என்றார் அப்பா. இரண்டாவது முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். நம் ஆட்களை மட்டமாகச் சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழு மாசம் கழிச்சு சைக்கிள்ல போனா என்ன, கார்ல போனா என்ன என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தார். அந்தம்மாவுக்கு நான் அதை அப்படியே சொல்லவில்லை.

ரிப்போர்ட் வந்துவிட்டது என்று போன். போனில் சொல்ல மாட்டார்களாம். தஞ்சாவூருக்குக் கார் ஐந்து மணிக்கு