கத்திரி வெயிலுக்கு முன் மண்ணைப் பாருங்கள்

சென்னைப் புறநகரில் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், அந்தப் பக்கம் படப்பை, ஒரகடம் என்று பழைய வயலிலும் ஏரிக்கரையை ஒட்டியும் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இங்கே தண்ணீரும் கழிவும் எர்த்தும் வீட்டுக்காரர் பொறுப்பு. போர் (ஆழ்துளைக் கிணறு), சம்ப், செப்டிக் டேங்க், எர்த் குழி எல்லாமே நம் மனைக்குள் இருக்கும் மண்ணை நம்பித்தான் நிற்கின்றன. மே முதல் வாரத்தில் கத்திரி பிறந்ததும் மோட்டார் மெக்கானிக், எலக்ட்ரீசியன், கொத்தனார், கரையான் மருந்து அடிப்பவர் என்று நாலு பேரைத் தனித்தனியாகக் கூப்பிடுகிறோம். ஆனால் அந்த நாலு கோளாறுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: வீட்டைச் சுற்றியிருக்கும் மண் காய்ந்துவிட்டது. அதனால் மார்ச், ஏப்ரலிலேயே மண்ணோடு தொடர்புள்ள வேலைகளை முடித்துவிட வேண்டும்.

முதலில் எர்த் குழி. பலரும் கடைசியாக நினைப்பது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. மீட்டர் பெட்டிக்குக் கீழே சுவரோரம் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் சிமென்ட் மூடி இருக்கும். அதைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் ஜிஐ பைப், அதைச் சுற்றிப் போட்ட உப்பும் கரியும் வெளுத்து இறுகிக் கிடக்கும். பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால், அந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. ஈர மண்தான் மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த மண் கடத்தாது. பிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதும், வாஷிங் மெஷின் உடம்பில் விறுவிறுப்பதும், மோட்டார் ஓடும்போது இரும்புக் குழாயில் கை கூசுவதும் கோடையில் அதிகமாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

குழியில் 2 பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றியது நின்று ஊறினால் நல்லது. சர்ரென்று ஓட்டை வழியே இறங்கிவிட்டால் உள்ளே மண் விலகிவிட்டது என்று அர்த்தம். கரித்தூளும் உப்பும் கலந்து, அல்லது பென்டோனைட் களிமண்ணைக் கரைத்து ஊற்றி இடைவெளியை நிரப்ப வேண்டும். உப்பை அள்ளிக் கொட்டக் கூடாது, அது பைப்பையே அரித்துவிடும். கம்பியைப் பைப்போடு இறுக்கியிருக்கும் போல்ட்டில் துரு ஏறியிருந்தால், எலக்ட்ரீசியனை வைத்து மெயினை அணைத்துக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப முறுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஜூன் வரை வாரம் ஒரு முறை 2 பக்கெட் தண்ணீர். ஏசி வெளியேற்றும் தண்ணீரின் குழாயை இந்தக் குழிக்குள் விட்டுவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுந்தால் எர்த் சரியாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்பதை மட்டுமே காட்டும். எர்த்தைச் சோதிக்க எர்த் டெஸ்டர் கருவிதான் வேண்டும். 5 ஓமுக்குள் இருந்தால் வீட்டுக்குப் போதும். சோதனையை மே மாதத்தில் செய்யுங்கள். நவம்பர் மழையில் எடுத்த அளவு கோடைக்கு உதவாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால், ஏசி வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

அடுத்தது போர். இந்தப் பகுதியில் பல இடங்களில் மேல் மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் வரும். மணல் பூமியில் நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பாறை பூமியில் அப்படியில்லை, மட்டம் ஒரு வெடிப்புக்குக் கீழே போனதும் நேற்று வந்த தண்ணீர் இன்று நின்றுவிடும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது புறநகரில் எத்தனையோ போர்கள் இப்படித்தான் நின்றன.

போருக்கு ஒரு கோடைக் கணக்கு எடுத்து வையுங்கள். மோட்டாரைப் போட்டு, தண்ணீர் முழு வேகத்தில் எத்தனை நிமிடம் வருகிறது, எப்போது காற்றோடு கலந்து வெள்ளையாகத் துப்ப ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். 15 நிமிடத்தில் துப்பினால் 12 நிமிடத்தில் அணைத்துவிட வேண்டும். பிறகு 2 மணி நேரம் விட்டுத் திரும்பப் போட்டு, அதே 12 நிமிடம் துப்பாமல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இடைவெளியை 3 மணி நேரமாக்குங்கள். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. டெலிவரி பைப்பில் இருக்கும் கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டுவது. மோட்டார் இழுக்கும் அளவும் போரில் ஊறும் அளவும் நெருங்கி வரும், ஒரே ஓட்டமாக நீண்ட நேரம் ஓடும். நாளைக்கு இருபது முறை போட்டு அணைப்பதைவிட நீர்மூழ்கி மோட்டாருக்கு இதுவே நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அது பல மடங்கு கரண்டை இழுத்துச் சூடாகிறது. வால்வை முக்கால்வாசிக்கு மேல் மூடாதீர்கள். மோட்டாரைக் குளிர வைப்பதும் அதைச் சுற்றி ஓடும் அந்தத் தண்ணீர்தான்.

பேனலில் இருக்கும் ஆம்ப்ஸ் முள்ளைப் பார்க்கப் பழகுங்கள். வழக்கமாக 8 ஆம்ப்ஸ் காட்டும் மோட்டார் 5க்கு இறங்கினால் உள்ளே தண்ணீர் இல்லை, பம்பு சும்மா சுற்றுகிறது. 11க்கு ஏறினால் வோல்டேஜ் குறைவு, அல்லது பம்பில் மணல் சிக்கியிருக்கிறது. உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் அநேகமாகக் கெபாசிட்டர். உடனே அணையுங்கள், திரும்பத் திரும்ப முயன்றால் காயில் போய்விடும். புதுக் கெபாசிட்டர் வாங்கும்போது பழையதின் மேல் எழுதியிருக்கும் மதிப்பையே கேட்டு வாங்க வேண்டும், கடையில் இருப்பதை மாட்டிக்கொள்ளக் கூடாது. எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் இரவு பத்து, பதினொரு மணிக்கு வோல்டேஜ் விழும். 180க்குக் கீழே இருந்தால் மோட்டாரைத் தொடாதீர்கள். விடியற்காலை நாலு முதல் ஆறு மணி வரைதான் போருக்கும் நல்ல நேரம், கரண்டுக்கும் நல்ல நேரம். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் மோட்டாரைத் தானாக அணைக்கும் டிரை ரன் பிரிவென்டர் ஒன்றைப் பேனலில் சேர்த்துவிட்டால் தூங்கிப்போனாலும் மோட்டார் தப்பிக்கும்.

மோட்டாரை இன்னும் ஆழத்துக்கு இறக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அடிமட்டத்திலிருந்து 10 அடியாவது மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றை இழுக்கும். பம்பின் பிளேட்டில் ஹெட் அளவு, அதாவது எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் என்பது, எழுதியிருக்கும். நீர்மட்டம் அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு இறக்கினாலும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது; ஸ்டேஜ் (உள்ளே தண்ணீரைத் தள்ளும் சுழலிகளின் அடுக்கு) அதிகமுள்ள பம்புதான் வேண்டும். புது போர் போட்டால் பழைய போரின் வாயை அன்றைக்கே இரும்பு மூடி போட்டு வெல்டு வைத்து அடையுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போரில் குழந்தை சுஜித் விழுந்து இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

களிமண் மனை என்றால் சுவரையும் பார்க்க வேண்டும். கோடையில் மண் சுருங்கி, காம்பவுண்டு சுவரை ஒட்டி நீளமாகப் பிளவு விடும். அஸ்திவாரம் ஆழமில்லாத சுவர் அந்தப் பக்கம் சாயும், நெட்டுக்குத்தாக விரிசல் வரும். மே மாதம் விரிசலைப் பார்த்ததும் சிமென்ட் வைத்து அடைப்பது வீண் செலவு. மழையில் மண் உப்பும்போது அதே விரிசல் மூடப் பார்க்கும், அடைத்த சிமென்ட் தடுக்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று விடும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் அகலமும் எழுதி, டிசம்பரில் திரும்பப் பாருங்கள். அப்போதும் வளர்ந்திருந்தால், அல்லது வீட்டுச் சுவரிலேயே படிக்கட்டு மாதிரி ஓடினால், கட்டட இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டியதுதான். வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் போட்டுவிட்டால் அஸ்திவாரத்தை ஒட்டிய மண் அவ்வளவு சீக்கிரம் காயாது. வேம்பும் புங்கனும் நிழலுக்கு அருமை, ஆனால் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள். கோடையில் அவை ஈரத்தை உறிஞ்சுவது அஸ்திவாரத்தின் அடியிலிருந்துதான்.

மண் சுருங்கும்போது சம்ப்பின் சுவரும், செப்டிக் டேங்குக்குப் போகும் பைப்பின் ஜாயின்ட்டும் விடும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் குடிநீர் கெட்டுவிடும். ராத்திரி சம்ப்பை நிரப்பி, யாரும் மோட்டார் போடாமல், சுவரில் மட்டத்தைக் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். 6க்கு 8 அடி சம்ப்பில் 1 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் சுமார் 45 லிட்டர் போயிருக்கிறது. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது காசு. லாரித் தண்ணீர் வந்ததும் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். சம்ப்பைக் கழுவ யாரையும் உடனே உள்ளே இறக்காதீர்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த சம்ப்பில் மூச்சுக்குக் காற்று இருக்காது. மூடியை நாள் முழுக்கத் திறந்து வைத்து, டேபிள் பேனால் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் தூக்கப் போகும் அடுத்தவரும் விழுவார்.

கரையான் இந்த மாதங்களில் வீட்டுக்குள் வருவதும் ஈரம் தேடித்தான். பாத்ரூம் நிலைக்கால், சமையலறை மேடைக்கு அடியில் மண் கோடு தெரிந்தால் உடனே துடைத்துவிடாதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகுதான் மருந்து. குளோர்பைரிபாஸ் 20 இசி என்றால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை. போருக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் அடிக்கவே கூடாது. பாம்பும் அப்படித்தான், குளிர்ச்சியைத் தேடித் தொட்டியடிக்கும் விறகுக் குவியலுக்கும் வரும். கதவுக்கு அடியில் இடைவெளி வேண்டாம், கழிவுநீர்க் குழாய் வாயில் வலை போடுங்கள். புழுக்கத்துக்குத் தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிவிட்டுப் படுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். சந்தேகம் வந்தாலே 108.

வீட்டுக்குள் சூடு குறைய, மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது இன்றைக்கும் மலிவான, நல்ல வழி. கல் சுண்ணாம்பை இரும்பு டிரம்மில் தண்ணீர் விட்டு நீற்றி (கொதிக்கும், பிளாஸ்டிக் பக்கெட் இளகிவிடும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும்), ஒரு நாள் விட்டு, துணியில் வடிகட்டுங்கள். 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர், 10 கிலோவுக்கு அரை கிலோ ஃபெவிகால். தளத்தை முதலில் நனைத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இரண்டு கோட். நடுப்பகல் சூட்டில் அடித்தால் தூளாக உதிரும். தட்டோட்டு இடுக்குகளையும், கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அந்த மூலை பகலில் விரிந்து இரவில் சுருங்கும் இடம், வெறும் சிமென்ட் நிற்காது, பாலியூரிதேன் சீலன்ட்தான் நிற்கும்.

அதே மாடித் தண்ணீர்தான் மழைநீர்க் குழிக்குப் போகிறது. குழியின் மேல் அரை அடி மணலை மே மாதத்திலேயே அள்ளிக் கழுவிப் போட்டுவிடுங்கள். முதல் கோடை மழைக்கு மட்டும் குழாயைத் திருப்பித் தெருப்பக்கம் விடுங்கள். சுண்ணாம்பும் புழுதியும் கரைந்து வரும் அந்த வெள்ளைத் தண்ணீர் போய், தெளிவாக வர ஆரம்பித்ததும் குழிக்குத் திருப்பலாம்.