யாரோடு சாப்பிடுகிறீர்கள்?

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர் வேலை எனக்கு. தாலுகா ஆஸ்பத்திரி ஓ.பி.யில் 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடப்பு, தலை பாரம். சீட்டில் இப்படித்தான் எழுதியிருக்கும்.

டாக்டர் பார்ப்பதற்கு முன் நான் பேசி எழுத வேண்டும். படிவத்தில் உள்ளதோடு மூன்று கேள்விகள் சேர்த்துக் கேட்பேன். யாரோடு சாப்பிடுகிறீர்கள்? உங்கள் இஷ்டப்படி நடக்கிற நேரம் எது? நீங்கள் கெட்டியாகச் செய்கிற வேலை எது? டெசி, ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒட்டுறவு, தன்விருப்பம், திறமை மூன்றையும் மனதின் அடிப்படைத் தேவைகள் என்றார்கள். அதை நம்ம ஊர்ப் பேச்சில் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன் பார்க்கும் அக்கா ஒருவர். கடைசிக் கேள்விக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வர்றவங்க நடையப் பாத்தே பட்ஜெட் சொல்லிடுவேன் மேடம்." சாப்பாடு? ஸ்டாக் ரூமில், ஆள் மாற்றி ஆள், தனியாக. வீட்டுக்கு வரும்போது எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். சொந்த நேரம்? "பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சா அதுதான்."

2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அவர் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பாராம். கால்வலிக்குத் தைலம் தேய்க்கலாம். வயதில் சின்னவர் முறைப்பதை எத்தனை வருஷம் விழுங்குவது? இதற்குப் போய் 'தைரியமா இருங்க' என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை.

டாக்டர் கொஞ்ச நாளைக்கு மாத்திரை எழுதினார். அதுவும் தேவைதான். வீட்டில் யாரிடம் பேசலாம் என்றேன். "அவர்கிட்ட வேணாம், மககிட்ட பேசுங்க." கல்லூரியில் படிக்கும் பெண். "'எனக்கு லேட்டாகும், முன்னாடியே சாப்பிடுங்க'ன்னு அம்மாதான் சொல்லும்" என்றாள். காத்திருந்து சேர்ந்து சாப்பிட முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த முறை வந்தபோது படபடப்பு முழுக்கப் போகவில்லை, தூக்கம் பரவாயில்லை என்றார். ஸ்டூல் விஷயம் அப்படியேதான். புகார் கொடுக்கலாம் என்றதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டார்.

கூட வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தி ஹாஸ்டலில் அழுதுகொண்டே இருக்கிறாளாம், என்ன செய்வது என்று விசாரித்தார். போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசு உதவி மையம் டெலி-மானஸ்; அதன் எண் 14416 கொடுத்தேன். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கடையில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ராத்திரி கூப்பிட்டால் எடுப்பார்களா என்றார். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.